கருப்பொருளில் பறையும் உண்டு

வடசென்னையில் மரம் இல்லை என்று யார் சொன்னது? மாநகரப் பேருந்தின் நெற்றிப் பலகையைப் படித்துப் பாருங்கள். புளியந்தோப்பு, எருக்கஞ்சேரி, அத்திப்பட்டு, பனைமரத்தொட்டி. பெரம்பூரைப் பிரம்பு ஊர் என்று பிரித்துப் பொருள் சொல்கிறவர்களும் உண்டு. புளி, எருக்கு, அத்தி, பனை, பிரம்பு என்று ஒரு தோட்டமே பேருந்து ஏறிப் போகிறது. இறங்கிப் பார்த்தால் தோட்டம் இருக்காது. கன்டெய்னர் லாரி இருக்கும். தோப்புகள் போனபின் தங்கியவை பெயர்கள் மட்டும்தான். அந்தப் பெயர்களுக்குள்ளும் நம் ஆட்களின் ரத்தம் இருக்கிறது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் எரிந்தவை ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள். தோப்பு எப்போது போனது என்பதற்குக் கணக்கு வைத்தவர் இல்லை. குடிசைகள் எரிந்த கணக்கையாவது நாம் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் சாத்தாங்காடு. திருவொற்றியூருக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, மணலிக்குப் போகிற வழி. எம்.ஏ. படிக்கும்போது கூடப் படித்தவர்கள், "சாத்தான் காட்டுலேர்ந்தா வர்றே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் தமிழ் படித்தவள். சாத்தன் என்பது ஐயனாருக்குப் பழைய பெயர். பழைய நூல்களில் ஆள்பெயராகவும் வருகிறது. சாத்தனின் காடு சாத்தாங்காடு என்று பிரிப்பதில் இலக்கணக் குற்றம் ஒன்றும் இல்லை. ஐயனார் இருக்கும் இடத்தில் காடு இருப்பது இந்தக் கடற்கரை முழுக்கப் பார்க்கிற சங்கதி. எங்கள் ஊரில் இன்று நிற்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகு அங்காடி. ஜார்ஜ் டவுன் சந்துகளில் இடம் போதாமல் போன இரும்பு வியாபாரத்துக்கு இங்கே இடம் கிடைத்தது. கம்பியும் தகடும் அடுக்கி வைத்த காடு. வெயில் ஏறினால் அந்தப் பக்கம் நிற்க முடியாது.

இவ்வளவையும் சொல்வது புலம்புவதற்காக இல்லை. சென்னையில் ஒரு பூங்கா இருக்கிறது. இந்த மண்ணின் செடிகளை மட்டும் வைத்து, இந்த மண்ணின் நீர் ஓடும் விதத்தைப் பார்த்து வடிவமைக்கப்பட்ட பூங்கா. பெயர் தொல்காப்பியப் பூங்கா. அதைப் பற்றி நம் பக்கத்திலிருந்து யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

*

முதலில் பூங்கா என்ற சங்கதியையே கொஞ்சம் பார்ப்போம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே அரசனுக்கு நந்தவனம் இருந்தது, கோயிலுக்கு நந்தவனம் இருந்தது. பூப்பறிக்கப் போகிறவருக்கும் சாதி இருந்தது. எல்லோரும் வந்து உட்காரலாம் என்ற பொதுப் பூங்கா நகராட்சியோடு சேர்ந்து வந்த ஏற்பாடு. 1850களின் கடைசியில் கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் பார்க் டவுனில் உருவானது பீப்பிள்ஸ் பார்க். பெயரிலேயே மக்கள். குளங்கள், பாதைகள், மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. பிறகு அதைக் கூறு போட்டார்கள். 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. ரயில் நிலையம் கொஞ்சம், விளையாட்டரங்கம் கொஞ்சம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டில் மிருகங்களும் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. மக்கள் பெயரில் இருந்த நிலம் எப்படிக் கரையும் என்பதற்குப் பாடம் வேண்டுமென்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தால் போதும்.

வடக்கே எங்களுக்கு ராயபுரத்து ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. வடசென்னைக்காரனுக்குப் பூங்கா என்றால் கூட்டம், மைக்செட், தோழர்கள், சங்கத்துக் கொடி. செடியைப் பார்க்க எவனும் அங்கே போனதில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவன் நிழலில் படுப்பான். அதற்கு மரம் வேண்டும், அது என்ன சாதி மரம் என்று கேட்கமாட்டான்.

இந்தப் பூங்காக்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது லட்சணம் உண்டு. நடுவில் புல்தரை, ஓரத்தில் வெட்டிவிட்ட குரோட்டன்ஸ். இங்கிலாந்தில் மழை தானாகப் பெய்து தானாகப் பச்சையாக நிற்கிற புல்லை, எட்டு மாதம் வெயில் காய்கிற ஊரில் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது. அந்தத் தண்ணீரை யார் ஊற்றியது?

எங்கள் நைனா ஊற்றினார். தென்சென்னையில் ஒரு பூங்கா. பெயர் வேண்டாம். காண்டிராக்ட் கூலி. சாத்தாங்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி விடியக்காலை போவார். 2003, 2004 வறட்சியில் சென்னை முழுக்கத் தண்ணீர் லாரிக்குத் தவமிருந்தது. எங்கள் தெருவில் லாரி எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே நானும் ஆயாவும் தூங்குவோம். அந்த நாட்களில் நைனா அங்கே லாரித் தண்ணீரை ஹோஸ் பைப்பில் பிடித்துப் புல்லுக்குப் பாய்ச்சினார். ராத்திரி வந்து சொல்வார்: "தோ பாரும்மா, இன்னிக்கு மட்டும் ரெண்டு லோடு. புல்லு குடிச்சுது." ஆயா கேட்கும்: "அந்தப் புல்ல மாடாவது மேயுமாடா?" மேயாது. மாடு நுழைந்தால் அபராதம்.

மத்தியானம் அந்தப் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து நைனா சோற்று டப்பாவைத் திறந்திருக்கிறார். காவல்காரர் வந்து, "பப்ளிக்கு உக்கார்ற எடம்பா, நீ அந்தாண்ட மோட்டார் ரூம்ல போய்த் துண்ணு" என்றாராம். அந்தக் காவல்காரரும் கூலிக்காரர்தான். யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள். நைனா இதைக் கோபமாகச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்: "நான் பப்ளிக்கு இல்லியாம்மா."

1924இல் ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் நினைவிருக்கிறதா? பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது இடம் எதிலும் நம் மக்கள் போகலாம், வரலாம் என்பது. ‘பொது’ என்ற சொல்லுக்குள் நம்மைச் சேர்ப்பதற்குச் சட்டமன்றத்தில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. எண்பது ஆண்டு கழித்து என் நைனா மோட்டார் அறையில் சாப்பிட்டார். புல்லுக்கு நீர் ஊற்றுபவன் வேலைக்காரன், புல்லைப் பார்ப்பவன் பொதுமக்கள். பூங்காவின் வடிவமைப்புக்குள்ளேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. பராமரிக்க எத்தனை கை வேண்டுமோ அத்தனை கை கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.

*

இந்தப் புல்தரைப் பண்பாட்டுக்கு எதிராகப் பேசியவர்கள் வெளிநாட்டிலேயே இருந்தார்கள். அதில் ஒருவர் ஜென்ஸ் ஜென்சன். 1860இல் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். சிகாகோவில் பூங்காத் துறையில் கூலியாகச் சேர்ந்தார். அயல்செடிகள் நட்ட பாத்திகள் பட்டுப்போவதைப் பார்த்து, 1888இல் யூனியன் பூங்காவில் ஊர்ப்புறத்துக் காட்டுப்பூச் செடிகளைத் தோண்டிவந்து நட்டார். கூலி பிறகு கண்காணிப்பாளர் ஆனார். ஊழலுக்கு ஒத்துழைக்காததால் 1900இல் வேலையை விட்டு எடுத்தார்கள். 1905இல் திரும்பக் கூப்பிட்டார்கள். கொலம்பஸ் பூங்காவை வடிவமைத்தார். 1936இல் ஸ்பிரிங்பீல்டில் லிங்கன் நினைவுத் தோட்டத்துக்குக் குழந்தைகளைக் கொண்டு ஓக் விதைகளை நட வைத்தார். பளிங்குச் சிலை இல்லாத நினைவுச் சின்னம். அவருடைய தோட்டங்களில் கல்லால் ஒரு வட்டத் திண்ணை இருக்கும். வட்டத்தில் உட்கார்ந்தால் மேல் இருக்கை, கீழ் இருக்கை கிடையாது. என் நைனாவுக்கு இதைச் சொன்னபோது, "அந்த ஆளு கூலியா வேல செஞ்சவரு, அதான் தெரிஞ்சிருக்கு" என்றார்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. நாம் நிறுத்தக்கூடாது. எந்தப் புல்வெளிச் செடிகளை ஜென்சன் திரும்பக் கொண்டுவந்தாரோ, அந்தப் புல்வெளியில் வாழ்ந்த பொட்டவாட்டமி முதலான பூர்வகுடிகளை அதற்கு முன்பே, 1833 சிகாகோ ஒப்பந்தம் போன்றவற்றால் மிசிசிப்பிக்கு அப்பால் துரத்தியாகிவிட்டது. பூர்விகச் செடி திரும்பியது, பூர்விக மனிதர் திரும்பவில்லை. இன்னொன்றும் உண்டு. 1930களில் ஜென்சன் தன் எழுத்தில் தோட்டத்தை இனத்தின் குணத்தோடு முடிச்சுப் போட்டார். ஜெர்மானியத் தோட்டக்கலை ஏடுகள் அதை விரும்பி வெளியிட்டன. நாஜிக்களின் ஜெர்மனியில் 1942இல் தாவரவியலாளர் குழு ஒன்று, நம் காசித்தும்பை இனத்தைச் சேர்ந்த ஒரு சின்ன அயல்செடியை எதிர்த்து அழித்தொழிப்புப் போர் நடத்தவேண்டும் என்று எழுதியது. அதே மண்ணில் அப்போது எந்த மனிதர்களை அழித்தொழித்துக்கொண்டிருந்தார்கள் என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

சுத்தமான மண், கலப்பில்லாத இனம், உள்ளே வந்துவிட்ட களை, வேரோடு பிடுங்கு. இந்த மொழியை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். செடியைப் பற்றிப் பேசும்போதும் அந்த மொழி காதில் விழுந்தால் நம் ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

வேலிக்காத்தானை எடுத்துக்கொள்வோம். சீமைக் கருவேலம். வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்டது. ஏரியையும் ஓடையையும் அடைத்துக்கொள்கிறது, வேறு செடியை வளர விடுவதில்லை என்பது உண்மை. அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2016இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. 2017இல் அந்த வேலைக்குத் தடை வந்தது. இந்த வாதப் பிரதிவாதங்களில் வேலிக்காத்தானை வெட்டி அடுப்பு எரித்தவர்களின் குரல் எங்கே கேட்டது? ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் யார்? எங்கள் ஆயா கால்வாய்க் கரையில் முள் குத்திக் குத்தி வெட்டிவந்த விறகு அதுதான். புறம்போக்கில் நிலமில்லாதவர் கைவைத்தால் கேள்வி கேட்காத ஒரே மரம். களை என்று சொல்கிறவர் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எரிபொருளுக்கு என்ன வைக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

*

இப்போது தொல்காப்பியப் பூங்காவுக்கு வருவோம். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில், கழிமுகத்தின் ஒரு கிளை ஓடை. கழிவுநீரும் கட்டட இடிபாடும் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடம். 2006க்குப் பிறகு அரசு ஒரு அறக்கட்டளை அமைத்தது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவினர் திட்டம் வகுத்தார்கள். முதல்கட்டம் 58 ஏக்கர். குப்பையை அள்ளினார்கள், வேலிக்காத்தானை எடுத்தார்கள். கடல்நீர் ஏறி இறங்கும்படி ஓடையைத் திறந்தார்கள். மண்ணை மேடும் பள்ளமுமாக்கி மழைநீர் தங்கக் குட்டை வெட்டினார்கள். உப்பு நீரின் ஓரத்தில் கண்டல், மேட்டில் இந்தக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்கள். வீரை, உலக்கைப் பாலை, காயா. இவை வெயிலிலும் இலை உதிர்க்காதவை. வேர் பிடித்துவிட்டால் லாரித் தண்ணீர் கேட்காதவை. 2011 ஜனவரியில் முதலமைச்சர் கருணாநிதி திறந்துவைத்தார்.

புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றியவரின் மகளாகச் சொல்கிறேன், இது நல்ல வேலை. தண்ணீரை ஏழையிடமிருந்து பறிக்காத தோட்டம் என்பதே பெரிய விஷயம். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போனேன். ஆரம்ப ஆண்டுகளில் முன் அனுமதி வாங்கிக் குழுவாகத்தான் போக முடியும். வழிகாட்டி நன்றாக விளக்கினார். நாரை நின்றது, நண்டு ஓடியது, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பாதையோரம் களை எடுத்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். நீரோரத்தில் தடித்த இலையோடு சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்ததைக் காட்டி ஒரு மாணவி, "இது என்னங்க ஆயா?" என்று கேட்டாள். "உமிரிம்மா. இத்த அலசிக் கடஞ்சா உப்பே போட வேணாம். பஞ்சத்துல இத்தத்தான் துன்னோம்." எங்கள் ஆயாவும் கால்வாய்க் கரையில் உமிரி பறித்தவள். வழிகாட்டி அதைக் குறித்துக்கொண்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் காட்டு மரங்கள் எங்கிருந்து வந்தன? இந்தக் கடற்கரையில் பசுமைமாறாக் காடு துண்டு துண்டாகத்தான் பிழைத்திருக்கிறது. பிழைத்த இடங்களில் பல ஐயனார் கோயில்காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் காட்டை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போகிறார்கள். அறிவியல் இன்று தேடுவது சாத்தனின் காட்டைத்தான். எங்கள் ஊரின் பெயரில் மட்டும் இருக்கிற காட்டைத்தான். பல ஊர்களில் அந்தக் காட்டுக் கோயிலுக்குச் சேரி எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. காடு காப்பாற்றப்பட்ட கதையைச் சொல்லும்போது அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

*

இந்தப் பூங்கா பிறந்த கதையில் நாம் இருக்கிறோம். பலருக்கு, குறிப்பாக இளைய தோழர்களுக்கு, இது தெரியாது. 1990களின் தொடக்கத்தில் இந்த அடையாற்று ஓடைப் பகுதியில் அண்ணல் அம்பேத்கருக்கு நினைவு மண்டபம் கட்ட அரசு நிலம் ஒதுக்கியது. நுகர்வோர் அமைப்பும் சூழல் ஆர்வலர்களும் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீர்ப்பகுதியில் கட்டடம் கூடாது என்பது வழக்கு. முடிவில் மண்டபம் ஒரு சிறிய பகுதிக்குள் சுருங்கியது, மிச்சம் காப்பாற்றப்பட்டது. அப்படிக் காப்பாற்றப்பட்ட நிலம்தான் பிறகு பூங்கா ஆனது. இன்று மணிமண்டபமும் பூங்காவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

நம் ஆட்களுக்கு அன்றைக்கு என்ன தோன்றியிருக்கும்? ஊர்க்கழிவை எல்லாம் கொட்டியபோது அது குப்பைமேடு. அம்பேத்கர் பெயரைச் சொன்னதும் நீர்நிலை. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் அதே கழிமுகத்தின் எம்.ஆர்.சி. நகர்ப் பக்கத்தில் ஐந்து நட்சத்திர விடுதியும் அடுக்குமாடிகளும் எழுந்து நிற்பதைப் பார்க்கிற எவருக்கும் அந்தச் சந்தேகம் தீராது.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நீரைக் காப்பதும் அண்ணலை நினைப்பதும் எதிரெதிர் காரியங்கள் என்று நம்மை நம்ப வைத்துவிட்டார்கள். அதை நாம் ஏற்கக்கூடாது. 1927 மார்ச்சில் மகாத் சவதார் குளத்துக்கு அண்ணல் எதற்குப் போனார்? ஒரு பொது நீர்நிலையில் கைவைக்கப் போனார். நகராட்சி எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தும் தொட விடாத குளம். கழிமுகத்தை மூடிக் கட்டடம் கட்டித்தான் அவரை நினைக்கவேண்டும் என்பதில்லை. சேரிப் பிள்ளைகள் கட்டணமோ கடிதமோ இல்லாமல் நுழைந்து, இறங்கி, தண்ணீரில் கைவைக்கிற ஒரு கழிமுகமே அவருக்கு ஏற்ற நினைவிடம். அன்றைக்கு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியிருந்தால் அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம். வழக்கில் சந்தித்ததால், இந்தப் பக்கம் மண்டபம், அந்தப் பக்கம் வேலி போட்ட பறவைகள் என்று முடிந்தது.

*

பெயருக்கு வருவோம். தொல்காப்பியப் பூங்கா. பெயர் வைத்தால் நூலைப் படிக்க வேண்டுமல்லவா? தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள் என்று எட்டைச் சொல்கிறார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இவை சேர்ந்தால்தான் ஒரு நிலம் நிலமாகும். பூங்காவில் மரம் இருக்கிறது, பறவை இருக்கிறது, கீரியும் பாம்பும் இருக்கின்றன. உணவு எங்கே? தொழில் எங்கே? பறை எங்கே? நெய்தலுக்கு உரையாசிரியர்கள் மீன்கோட்பறையைச் சொல்வார்கள். மீன் பிடிக்கும் வேலையின் பறை. கழிமுகம் என்பது வலை, தோணி, நண்டு பிடிக்கிற கை, உமிரி பறிக்கிற கை. அந்தக் கைகளை எடுத்துவிட்டு மரத்தையும் பறவையையும் விலங்கையும் மட்டும் வைத்தால் எட்டில் மூன்று தேறும். அதைப் பூர்விக நிலக்காட்சி என்று சொல்ல நூலே ஒப்பாது.

பறையை அடிப்பதா விடுவதா என்று நம் இயக்கங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று சேரிகளில் எரித்த பறையும் உண்டு. விடுதலைக் கலையாக மேடையில் ஏறிய பறையும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும். மரத்துக்கும் பறவைக்கும் பக்கத்தில், அதே வரிசையில், நிலத்தின் கருவாகப் பறையை வைத்துத்தான் நூல் பேசுகிறது. அதைத் தீட்டாக்கியது பின்னால் வந்த கூட்டம்.

இதற்காகத் தொல்காப்பியரைத் தலையில் வைத்து ஆடவும் வேண்டாம். அடியோரும் வினைவலரும் ஐந்திணைக் காதலுக்கு உரியவர்கள் இல்லை, அவர்கள் அதற்கு வெளியே என்று வைத்தவரும் அவர்தான். தொழில் உள்ளே, தொழில் செய்பவன் வெளியே. மோட்டார் அறையில் சோறு தின்ற என் நைனாவுக்கான சூத்திரம் அங்கேயே தொடங்கிவிட்டது. பூங்காவுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று கசப்போடு சொல்லத் தோன்றுகிறது.

செடிக்குப் பூர்விகம் பார்க்கிற இந்த நகரம் மனிதருக்குப் பார்க்கிறதா? அடையாற்றையும் கூவத்தையும் சீரமைக்கிறோம் என்று கரையில் தலைமுறையாக இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமானது. பள்ளிக்கூடம் போச்சு, வீட்டுவேலை போச்சு, மூட்டை தூக்கும் வேலை போச்சு. வீரை மரத்துக்கு எந்த மண் ஒத்துக்கொள்ளும் என்று சோதித்துச் சோதித்து நடுகிற அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். வாழ்விடம் என்பது காட்டுயிர்களுக்கும் பயன்படுகிற சொல். யானைக்கு வாழ்விடம் என்றால் அதன் காடு. மனிதருக்கு வாழ்விடம் என்றால் ஊருக்கு வெளியே எட்டாவது மாடி.

*

வடக்கே வருவோம். தென்சென்னையில் 58 ஏக்கரில் காசு போட்டு உருவாக்கிய நெய்தல், எண்ணூரில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தானாகவே இருந்தது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழி. கண்டல் காடு, உப்பளம், இறால். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள், வலை வீசுகிற மீனவர்கள், அவர்களிடம் வாங்கித் தலையில் சுமந்து விற்ற எங்கள் சேரிப் பெண்கள். எட்டுக் கருப்பொருளும் இருந்த இடம். அதில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டியது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்த கழி, பின்னால் புழங்கிய வரைபடத்தில் காணாமல் போயிருந்த கதை 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்தது. ஆற்றைத் தூர்ப்பதற்கு முன் காகிதத்தில் தூர்த்திருந்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கிக் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிக்குள் பரவியது. கண்டல் மரங்கள் இடுப்பளவு கறுத்து நின்றன. வாளியாலும் முறத்தாலும் அள்ளியவர்கள் மீனவர்கள். அந்த மாதமே கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் ஓடினார்கள். 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. மகிழ்ச்சி. எண்ணூருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. தெற்கே நீர்நிலை, வடக்கே புறம்போக்கு. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் போடுகிற கோடுதான் இது. நகரத்தின் வரைபடத்தில் கொஞ்சம் பெரியதாகப் போட்டிருக்கிறார்கள்.

இனிமேல் வடசென்னைக்கும் பூங்காக்கள் வரும். பேச்சு தொடங்கிவிட்டது. அழகுபடுத்துதல், நடைபாதை, நீரூற்று என்று வரைபடங்கள் வரும். நம் தோழர்கள் அப்போது, "எங்களுக்கு வேலைதான் வேண்டும், பூங்கா பணக்காரன் சமாச்சாரம்" என்று ஒதுங்கக்கூடாது. சாத்தாங்காட்டில் ஆஸ்துமா இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணலாம். நிழலும் காற்றும் நமக்குத்தான் முதலில் வேண்டும். அதனால் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும்.

புல்தரை போடாதே, அந்தத் தண்ணீரை எங்கள் தெருவுக்கு விடு. எங்கள் மண்ணின் செடியை வை. அதில் உமிரியும் இருக்கட்டும், பறித்துத் தின்ன எங்களுக்கு உரிமையும் இருக்கட்டும். எந்தச் செடி எந்த உப்பில் நிற்கும் என்பதை எண்ணூர் இருளரிடமும் களை எடுக்கிற அம்மாவிடமும் கேள், கேட்டதற்கு அவர்களுக்குச் சம்பளம் கொடு. தோட்ட வேலைக்குக் காண்டிராக்ட் வேண்டாம், நிரந்தர வேலை கொடு. கரையில் இருக்கிற ஒரு குடும்பத்தையும் செடிக்காக எடுக்காதே. மாலையில் கூட்டம் நடத்த இடம் விடு. ராபின்சன் பூங்காவில் மழையில் நின்று கேட்ட சனம் நாங்கள். பறை அடிக்க அனுமதிச் சீட்டு கேட்காதே.

அப்புறம் நிழலில் ஒரு வட்டத் திண்ணை கட்டு. மத்தியானம் வேலை செய்கிறவர்கள் அங்கே உட்கார்ந்துதான் சோறு தின்பார்கள்.